பாட்டு தெரியாதவங்களுக்கும் ஒரு வழி வேணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

பாட்டை க்ளூவா வச்சு க்விஸ் நடத்துறத பத்தி போன வாரம் வந்த கட்டுரைய படிச்சேன், எல்லாருக்கும் தெரிஞ்ச ஹிட் பாட்டா எடுத்தா போதும்னு எழுதியிருந்தாங்க, எனக்கு அது சரியா படல. பல வருஷமா ஃப்ரெண்ட்ஸுக்கு க்விஸ் நடத்திட்டு வர்றவன் நான். ஹிட் பாட்டோட பல்லவிய போட்டா ரெண்டு செகண்டுல நாலு பேர் கத்திருவாங்க, அந்தப் பாட்ட கேட்டிராதவங்க வாயே திறக்க முடியாது. யோசிக்க அங்க ஒண்ணுமே இல்ல.

க்ளூன்னா வேற ஏதோ ஒரு விடைக்கு கூட்டிட்டுப் போகணும். ஒரு தடவை பீட்டில்ஸ்ங்கற இங்கிலாந்து பேண்டோட 'லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்' பாட்ட பேர் சொல்லாம போட்டு, இதுக்கும் 1974ல எத்தியோப்பியாவுல கிடைச்ச ஒண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். இங்கிலீஷ் பாட்டே கேக்காத ஒரு அக்கா, கோரஸ் வர்ற இடத்த மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லி கண்ண மூடி கேட்டுட்டு, "லூசின்னு வருதே, அந்த 32 லட்சம் வருஷத்து எலும்புக்கூடு தானே?"ன்னாங்க. அதேதான்! கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி கேம்ப்ல இந்தப் பாட்டுதான் திரும்பத் திரும்ப ஓடுச்சாம், அதுல இருந்துதான் மனுஷனோட மூதாதை இனத்தைச் சேர்ந்த அந்த எலும்புக்கூட்டுக்கு லூசின்னு பேரு வந்துச்சு. பாட்டு தெரிஞ்சவங்க ஒரு பக்கத்துல இருந்து வரலாம், சயின்ஸ் தெரிஞ்சவங்க இன்னொரு பக்கத்துல இருந்து வரலாம். அந்த அக்கா முகத்துல அன்னைக்கு இருந்த சந்தோஷத்துக்காகவே இன்னும் நூறு கேள்வி தயார் பண்ணலாம்னு தோணுச்சு.

தமிழ்ப் பாட்டுலயும் இது நல்லா வரும், ஆனா கொஞ்சம் கவனமா இருக்கணும். 'பொன்மாலைப் பொழுது', 'கண்ணே கலைமானே' ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு என்ன தொடர்புன்னு கேட்டேன். முன்னது வைரமுத்துவோட முதல் சினிமா பாட்டு, பின்னது கண்ணதாசனோட கடைசிப் பாட்டு, அதான் நான் நினைச்ச விடை. ஒருத்தர் டக்குனு "இளையராஜா"ன்னாரு, அதுவும் சரிதானே, ரெண்டுக்குமே மியூசிக் அவர்தான், மார்க் குடுக்காம எப்படி இருக்கறது? எழுதினவங்கள பாருங்கன்னு கேள்வியிலயே ஒரு வார்த்தை சேத்திருக்கணும். அதுல இருந்து எந்தப் பாட்ட எடுத்தாலும் பாடினவர், மியூசிக், படம், வருஷம் எல்லாத்தையும் எழுதி வச்சு, வேற தொடர்பு எதுவும் மாட்டுதான்னு பாத்துட்டுதான் கேக்கறேன்.

இந்த விஷயத்தையும் அடுத்த கட்டுரையில சேத்து எழுதச் சொல்லுங்க, புதுசா க்விஸ் நடத்த வர்றவங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க வாசகன்