நீலகிரி மலை ரயிலுக்காகப் பாடுபடும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மேட்டுப்பாளையம், குன்னூர், உதகை ரயில் பயணிகள் சங்கத்தாருக்கும், பாரம்பரிய ரயில் ஆர்வலர்களுக்கும் வணக்கம்.

உயர் அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தால் குன்னூர் நடைமேடையில் நடப்பது உங்களுக்கே தெரியும். ஒரு சங்கம் சால்வை போர்த்தி மனுவை நீட்டி நகர்ந்ததும், அடுத்த சங்கம் வேறொரு சால்வையோடு முன்னால் வரும். முதல் மனு நீராவி இன்ஜினையும் சிறப்பு ரயிலையும் கேட்கும். அடுத்தது முன்பதிவில்லாப் பெட்டியும் குறைந்த கட்டணமும் கேட்கும். மூன்றாவது சுற்றுலாப் பயணிகளுக்குக் கூடுதல் இருக்கை கேட்கும். எதையும் செய்யாமல் இருக்க அந்த அதிகாரிக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

பாதையைக் கொஞ்சம் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை; தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையை இன்ஜினின் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும். செங்குத்தான இடங்களில் சுமார் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி ஏற்றம். இன்ஜின் கீழ்ப்புறம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. பிரேக் பிடிக்கும் ஊழியர்கள் பெட்டிகளின் முகப்பில் கொடியும் கையுமாக நிற்கிறார்கள். அங்கே நினைத்தபடி பெட்டிகளைக் கூட்ட முடியாது. ஒருவர் கேட்கும் இருக்கை இன்னொருவரிடமிருந்துதான் வர வேண்டும். உங்கள் சண்டையெல்லாம் இந்த இருக்கைகளுக்காகத்தான்.

குன்னூருக்கு மேலே நிலைமை வேறு. பல்சக்கரம் இல்லை, டீசல் இன்ஜின் இழுக்கிறது. வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் ரயிலும் முன்பதிவில்லாப் பெட்டியும் இங்கே கேளுங்கள். நீராவி இன்ஜினையும் சிறப்பு ரயிலையும் கீழ்ப்பகுதிக்குக் கேளுங்கள். ஒன்றை ஒன்று தடுக்கவே தடுக்காது.

உள்ளூர்க் கூட்டத்தால் பாரம்பரியம் கெடுகிறது என்று ஆர்வலர்களில் சிலர் பேசுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. 1908இல் உதகை வரை நீண்ட இந்தப் பாதையில் பயணிகள் ஏறாமல் இருந்திருந்தால் 2005இல் யுனெஸ்கோவுக்குக் காட்ட என்ன மிஞ்சியிருக்கும்? ஆர்வலர்களை வேலையற்றவர்கள் என்று பயணிகள் சங்கத்தார் ஏசுவதும் அநியாயம். இன்ஜினின் ஒவ்வொரு உறுப்பையும் அறிந்தவர்கள் அவர்கள். யுனெஸ்கோ முதலில் டார்ஜிலிங் ரயிலுக்குத்தான் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியைத் தந்தது. அதே தகுதியில் நம் ரயிலும், 2008இல் கால்கா–சிம்லா ரயிலும் சேர்க்கப்பட்டன. டார்ஜிலிங்குக்கு அதனால் எதுவும் குறையவில்லை.

எல்லோருக்கும் பொதுவான கோரிக்கை ஒன்று உண்டு: கூடுதல் இன்ஜின்களும் பெட்டிகளும். இந்தப் பாதைக்கென்றே திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் புதிய நீராவி இன்ஜின்கள் உருவானதை நாம் பார்த்துவிட்டோம். ஆகவே இது நடக்காத காரியம் அல்ல. இதை முதலில் வையுங்கள். மேல்பகுதி, கீழ்ப்பகுதிக் கோரிக்கைகளை அதன் கீழே தனித்தனியாக எழுதுங்கள். ரயில்வேயின் சேலம் கோட்டத்தின் அடுத்த ஆலோசனைக் கூட்டத்துக்கு அந்த ஒரே மனு போகட்டும்.

யார் பெயர் முதலில் வரும் என்ற பேச்சு எழும். அகர வரிசையில் போட்டுவிடுங்கள். கூடிப் பேச இடம் வேண்டுமென்றால் கேத்தியில் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். மூன்று சங்கங்களும் தேதியை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கேத்தியிலிருந்து ஒரு பயணி