வரிச்சுருளுக்கு வெளியே சுற்றிய சுருளில் எவ்வளவு மின்னோட்டம்?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. வரிச்சுருளில் (குழல்போல் நீளமாகச் சுற்றிய கம்பிச் சுருள்) ஓடும் மின்னோட்டம் சுழிக்கு (0) இறங்கும்போது, அதற்கு வெளியே 2.5 செ.மீ. ஆரத்தில் 150 சுற்றாகச் சுற்றிய சுருளில் எவ்வளவு மின்னியக்கு விசை (மின்னோட்டத்தை ஓட்டும் வோல்ட் அளவு), எவ்வளவு மின்னோட்டம் என்பது உன் கணக்கு. மாணவர்களுக்காக நீ போட்டிருக்கும் அளவுகள் கணக்குக்கும் வசதி, மேசையில் செய்து காட்டவும் வசதி. உன் விடை 29.6 மில்லிவோல்ட், புத்தக முறைப்படி வருவது 10.7. ஒன்றை மற்றதால் வகுத்தால் 2.78. வெளிச்சுருளின் ஆரம் 2.5-ஐ வரிச்சுருளின் ஆரம் 1.5-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தாலும் அதே 2.78 தான். வெளிச்சுருளின் பரப்பைப் போட்டிருக்கிறாய். வேண்டியது உள்ளே இருக்கும் வரிச்சுருளின் பரப்பு. இந்தக் கணக்கில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

உன் எண்களையே வைத்து ஒருமுறை போய்வருவோம். வரிச்சுருள் 40 செ.மீ. நீளம், 800 சுற்று, ஆரம் 1.5 செ.மீ. மீட்டருக்கு 2000 சுற்று. 2 ஆம்பியர் ஓடும்போது உள்ளே காந்தப்புலம் = 1.257 × 10⁻⁶ × 2000 × 2, அதாவது 5.03 மில்லிடெஸ்லா. பரப்பு 7.07 × 10⁻⁴ சதுர மீட்டர். பெருக்கினால் ஒரு சுற்றின் பாயம் (அதன் ஊடே செல்லும் மொத்தக் காந்தப்புலம்) 3.55 மைக்ரோவெபர். வெளிச்சுருளின் 150 சுற்றுக்கும் சேர்த்து 5.33 × 10⁻⁴ வெபர். 2 ஆம்பியர் 50 மில்லிவினாடியில் சீராகச் சுழிக்கு இறங்கினால் மின்னியக்கு விசை 10.7 மில்லிவோல்ட். முடிவில்லா நீளம் என்று வைத்துக்கொண்டதால் வரும் பிழையைப் பற்றிக் கவலைப்படாதே. உன் சுருளின் நடுவில் அது 0.3 சதவீதம்தான். ஆனால் வெளிச்சுருளை முனைக்கு நகர்த்திவிட்டால் புலம் பாதியாகிவிடும், நடுவிலேயே வை.

"வெளிச்சுருளின் கம்பி இருக்கும் இடத்தில் காந்தப்புலமே கிட்டத்தட்ட இல்லையே, அங்கே எலக்ட்ரானைத் தள்ளுவது எது?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி, பல வகுப்புகளில் இதை மழுப்பிவிடுகிறார்கள். தள்ளுவது மின்புலம். உள்ளே பாயம் மாறும்போது அதைச் சுற்றி வட்டவட்டமாக ஒரு மின்புலம் உண்டாகிறது. அது வரிச்சுருளின் சுவரோடு நின்றுவிடுவதில்லை. 2.5 செ.மீ. ஆரத்தில் அதன் அளவு மீட்டருக்கு 0.45 மில்லிவோல்ட். ஆரத்தை 10 செ.மீ. ஆக்கினால் மின்புலம் நாலில் ஒரு பங்காகக் குறையும், சுற்றளவு நாலு மடங்காகும், மின்னியக்கு விசை அப்படியே இருக்கும். ஆனால் கம்பி நாலு மடங்கு நீள்வதால் மின்தடையும் நாலு மடங்கு. மின்னோட்டம் கால்வாசிக்கு வந்துவிடும். பெரிய வளையம் அதிகம் பிடிக்கும் என்ற எண்ணம் இங்கே நேர் எதிராகப் போகிறது.

இனி மின்தடை. 0.3 மி.மீ. எனாமல் செம்புக் கம்பியில் 150 சுற்றுக்கு 23.6 மீட்டர் போகும், 5.6 ஓம். முனைகளை நேராக இணைத்தால் 1.9 மில்லிஆம்பியர். உன் கால்வனாமீட்டர் 60 ஓம் என்கிறாய். அதையும் தொடரில் சேர்த்தால் 65.6 ஓம், மின்னோட்டம் 0.16 மில்லிஆம்பியர். கணக்குக்கும் கருவிக்கும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் கணக்கைச் சந்தேகிக்காதே, மீட்டரின் தடையைச் சேர்த்தாயா என்று பார். எனாமலை முனையில் நன்றாகச் சுரண்டினாயா என்பதையும் பார்.

உண்மையான சிக்கல் அந்த 50 மில்லிவினாடியில் இருக்கிறது. அதை யார் கொடுத்தது? சுவிட்சைப் போட்டால் மின்னோட்டம் ஏறும் வேகத்தை வரிச்சுருளே தீர்மானிக்கும். அதன் தன் மின்தூண்டல் எண் (தன் மின்னோட்டம் மாறுவதைத் தானே எதிர்க்கும் அளவு) 1.42 மில்லிஹென்றி. 0.45 மி.மீ. கம்பியில் தடை சுமார் 8 ஓம். முதலதைப் பின்னதால் வகுத்தால் நேர மாறிலி (மின்னோட்டம் ஏறவோ இறங்கவோ எடுக்கும் நேரத்தின் அளவு) 0.18 மில்லிவினாடி! 16 வோல்ட் கொடுத்த கணத்தில் வெளிச்சுருளின் திறந்த முனைகளில் 3 வோல்ட் எழும் (16-ஐ 150/800-ஆல் பெருக்கினாலே போதும்), பிறகு மளமளவென்று சரியும். 10.7 மில்லிவோல்டை எதிர்பார்த்து ஆசிலோஸ்கோப்பைப் பார்த்தால் திகைப்பாய். புத்தகத்தில் உள்ள சீரான இறக்கம் வேண்டுமென்றால் மின்னோட்டத்தை முக்கோண அலையாகச் செலுத்து. திரையில் தட்டையான படிகள் கிடைக்கும்.

இதில் மாறாமல் நிற்பது மின்னூட்டம். 10.7 மில்லிவோல்டை 50 மில்லிவினாடியால் பெருக்கு. 3 வோல்டை 0.18 மில்லிவினாடியால் பெருக்கு. இரண்டும் 0.53 மில்லிவோல்ட்-வினாடிதான், ஏனென்றால் அது மொத்தப் பாய மாற்றம். தடையால் வகுத்தால் முனைகள் இணைந்த சுருளில் 95 மைக்ரோகூலும், கால்வனாமீட்டரோடு 8.1. எவ்வளவு வேகமாக அணைத்தாலும் இதே எண். ஊசி மெதுவாக அசையும் எறிநிலைக் கால்வனாமீட்டர் அளப்பதும் இதைத்தான். மாணவர்களுக்கு நான் என்றால் இதைத்தான் முதலில் கொடுப்பேன்.

அணைக்கும்போது சுவிட்சில் பொறி பறந்தால் நேரம் கணக்கில் பிடிபடாது. வரிச்சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடை எதிர்த்திசையில் போடு, சரிவு 0.18 மில்லிவினாடி அளவுக்கு வந்துவிடும். இன்னொன்று, 2 ஆம்பியரில் 32 வாட் வெப்பம். சில வினாடிகளுக்கு மேல் ஓடவிடாதே. கம்பி சூடேறினால் ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் தடை கூடும், உன் 2 ஆம்பியரும் நழுவும்.

திசைக்கு லென்ஸ் விதி, அதாவது தூண்டப்படும் மின்னோட்டம் பாய மாற்றத்தை எதிர்க்கும்: மின்னோட்டம் குறையும்போது வெளிச்சுருளில் அதே சுழற்சி, கூடும்போது எதிர்ச் சுழற்சி. இரண்டு சுருளும் ஒரே பக்கமாகச் சுற்றப்பட்டவைதானா என்று பார்த்துவிட்டு மாணவர்களிடம் கேள்.

மாறுதிசையில் 50 ஹெர்ட்ஸ், 2 ஆம்பியர் (சராசரி இருமடி மூலம், rms) என்றால் 0.167 வோல்ட், முனைகளை இணைத்தால் 30 மில்லிஆம்பியர். 1000 ஹெர்ட்ஸுக்குப் போனால் வெறும் 5.6 ஓமால் வகுக்காதே. ஒரே அடுக்காகச் சுற்றிய வெளிச்சுருளின் தன் மின்தூண்டலே ஏறக்குறைய 5 ஓம் மறிப்புக் காட்டும்.

இரும்புத் தண்டு நுழைப்பதைப் பற்றி ஒரு வரி: இரும்பு காந்தப்புலத்தைப் பெருக்கும் என்று அட்டவணையில் உள்ள ஆயிரக்கணக்கான மடங்கைப் போட்டுவிடாதே. இரு முனையும் திறந்த தண்டில் நூறு மடங்கை ஒட்டிக் கிடைத்தாலே அதிகம். அந்த விகிதத்தை அளந்தாயானால் தண்டின் விட்டத்தோடு எழுதி அனுப்பு, கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
குமரன்