செல்லம் குடுத்து கெடுத்த அம்மா எழுதுறேன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல "பிள்ளைகளின் பயத்துக்குப் பெற்றோர் கொடுக்கும் செல்லமே காரணம்"னு ஒரு வரி போட்டிருக்கியளே, எழுதினவரு வீட்ல பிள்ளைய வளக்கது யாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.

எம் மவ ஏழாம் கிளாஸ்ல யூனிபார்ம கண்டாலே வயித்து வலி, வாந்தி, கையெல்லாம் சில்லுன்னு ஆயிரும். லீவு நாள்ல ஒண்ணும் கிடையாது, அதனால எல்லாரும் நடிப்புன்னுட்டாவ. ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் டெஸ்ட் பண்ணோம், எல்லாம் நார்மல், மாமியார் கயிறும் மந்திரிச்சு கட்டினாவ. கடைசில மனநல டாக்டரம்மாதான் சொன்னாவ, வலி நெசந்தான், பயத்துல உடம்பு அப்படித்தான் செய்யும், ஆனா வீட்லயே இருத்திட்டா அந்த நேரத்துக்கு வலி நிக்கும், பயம் மறுநாளு கூடும்னு. அதனால அடிக்கவும் இல்ல, வீட்ல இருத்தவும் இல்ல. முதல்ல ஸ்கூல் கேட் வரைக்கும் போயிட்டு வந்தோம், பொறவு லைப்ரரில கொஞ்ச நேரம், பொறவு அவளுக்குப் பிடிச்ச டீச்சர் பீரியடு மட்டும், இப்படி பைய பைய. மருந்து எல்லா பிள்ளைக்கும் தேவைப்படாது, டாக்டர் வேணும்னு சொன்னா அதுக்கு பேடிக்கவும் வேண்டாம். இதுக்குப் பேரு செல்லம்னா ஆமா ஐயா, குடுத்தேன்.

ஆனா அசெம்ப்ளில மார்க்க வாசிச்சு நிக்க வைக்குத ஸ்கூல பத்தி அந்தக் கட்டுரைல ஒரு வரி உண்டா? அங்க போய் கேட்டா டீசி வாங்கிக்கோங்கன்னாவ. மார்த்தாண்டத்துல இருந்து நாகர்கோவில் வரைக்கும் ரேங்க் எடுத்த பிள்ளைய முகம்தான் பிளெக்ஸ்ல. ரிசல்ட் மாசம் உங்க பேப்பர்லயும் அதே முகம் முழுப்பக்க விளம்பரமா வரும், திருப்பினா 'மாணவர்களே, பதற்றம் வேண்டாம்'னு அறிவுரை. நல்லாத்தான் இருக்கு.

2017ல ஒக்கி புயல் அடிச்சப்ப கடற்கரை ஊருல அழுத முகத்தையெல்லாம் போட்டோ எடுத்து போட்டிய. எங்கூட வேலை பாக்குத அக்காவுக்கு அப்படி ஒரு கடற்கரை ஊரு, சின்னத்துறை, அவ பையன் அதுக்குப் பொறவு லேசா காத்தடிச்சாலே அப்பா எங்கன்னு கேட்டு ராத்திரி முழுக்க முழிச்சு கிடப்பான். அவனும் செல்லத்துல கெட்டவன்தானா? இத போன வருசமே எழுதினேன், இடமில்லைன்னு போடல. ராசிபலனுக்கு தினம் இடம் உண்டு.

கேக்குதது இவ்வளவுதான், அந்த ராசிபலனுக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம் கட்டி 14416னு போடுங்க. டெலி மானஸ், மனசு கஷ்டத்துக்கு போன்ல பேசுத உதவி நம்பர், அரசு நடத்துதது, காசு கிடையாது, ராத்திரியும் பேசலாம், தமிழ்லயே பேசலாம். கடிதம் நீளம்னா எம் பிள்ளை கதைய வெட்டிக்கோங்க, நம்பர வெட்டாதீங்க.

இப்படிக்கு,
வாசகி, தக்கலை
(பேரு போட வேண்டாம். ஊர்ல ஏற்கனவே அவளுக்கு வேற பேரு வச்சிட்டாவ.)