‘ரா சுகர்’ என்று எழுதினால் எந்தச் சீனி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சமையல் பக்கத்திலும் உடல்நலப் பக்கத்திலும் ‘ரா சுகர்’ என்று மட்டும் போட்டு, அளவைக் கொடுத்துவிடுகிறீர்கள். மொரிசியஸில் அதை நம்பிக் கடைக்குப் போகிறவர் டெமராரா, மஸ்கோவாடோ, சாயமேற்றிய சீனி, வெல்லம் ஆகிய நான்கில் எதையும் வாங்கி வரக்கூடும். கிரியோலில் ‘திசிக் ரூஸ்’ (பழுப்புச் சீனி) என்று கேட்டாலும் இதே கதைதான். நான்கும் அடுப்பில் நான்கு விதமாக நடந்துகொள்ளும்.

ஆலைக்காரர்களுக்கு ‘ரா’ என்பது ஒரு கட்டத்தின் பெயர். இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். எண்ணெய்க்குக் ‘குரூட்’ என்பதும் அப்படித்தான். கடைக்கு வந்ததும் அதே சொல் பாராட்டாக மாறிவிடுகிறது. ‘ரா’ என்றால் இயற்கையானது, கை படாதது, சத்துள்ளது என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்கிறார். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஆலையில் நடப்பதைப் பாருங்கள். கரும்பைப் பிழிந்த சாறு லேசான புளிப்போடு இருக்கும். அதில் சுண்ணாம்புப் பால் சேர்த்துப் புளிப்பை முறித்து, கொதிநிலைக்குச் சற்று மேலே சூடாக்கித் தெளிய விடுவார்கள். மண்ணும் மெழுகும் புரதமும் அடியில் சேறாகத் தங்கும். தெளிந்த சாற்றை வற்றவைத்தால் நூற்றுக்கு 65 பங்கு திடப்பொருள் கொண்ட பாகு வரும். அதை வெற்றிடக் கொப்பரையில் குறைந்த சூட்டில் காய்ச்சினால் படிகம் விளையும். பிறகு சென்ட்ரிஃபியூஜ் எனும் சுழலும் சல்லடைத் தொட்டியில் போட்டுச் சுற்றினால் கழிவுப்பாகு (மொலாசஸ்) வெளியேறிவிடும். படிகம் சல்லடையில் நிற்கும். 100 கிலோ கரும்புக்குச் சுமார் 10 கிலோ சீனி, மூன்று நான்கு கிலோ கழிவுப்பாகு, 30 கிலோ சக்கை என்பது பொதுக் கணக்கு.

ஆக, ‘அன்ரிஃபைண்ட்’ என்றோ ‘நோன் ரஃபினே’ என்றோ அச்சிட்ட பொட்டலத்துச் சீனியும் சுண்ணாம்பு, வடிகட்டல், சுற்றல் எல்லாம் கண்டதுதான். ரிஃபைனிங் என்பது அதற்குப் பிறகு வரும் தனி வேலை. படிகத்தின் மேலுள்ள பாகுப் படலத்தைக் கழுவி, படிகத்தைத் திரும்பக் கரைத்து, நிறம் நீக்கி, மறுபடி படிகமாக்குவார்கள். சீனியின் நிறத்தை அளக்கும் இக்குமிசா அலகில் 45க்குள் நிறம் உள்ளது வெள்ளைச் சீனி. கரும் மஸ்கோவாடோவுக்கு இது பல ஆயிரம். ‘சுத்திகரிக்கப்படாத சீனி’ என்று தமிழில் எழுதும்போது அழுக்கு நீக்காதது என்று படுவதால், ‘வெளுக்காத சீனி’ என்பதே உண்மைக்கு நெருக்கம்.

வணிகத்தில் இன்னொரு கணக்கு. உலர்ந்த எடையில், சீனியின் தூய்மையை ஒளியால் அளக்கும் துருவமானி 99.5க்குக் கீழே காட்டினால் அது ‘ரா’. கப்பலின் அடித்தளத்தில் மணல்போலக் கொட்டி, எந்திரத்தால் அள்ளிக் கொண்டுபோகும் அந்தச் சரக்கு சாப்பிடுவதற்கல்ல; போய்ச்சேரும் ஊரில் கரைத்து வெளுப்பதற்கு. நம் தீவு பல பத்தாண்டுகள் பெரும்பாலும் இதைத்தான் ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஐரோப்பாவுடன் செய்த 1975 லோமே வணிக ஒப்பந்தத்தின் சர்க்கரை நெறிமுறை அதற்கு உறுதியான விலை தந்தது. 2006இல் தொடங்கிய ஐரோப்பியச் சீர்திருத்தம் படிப்படியாக 36 சதவீதம் விலையைக் குறைத்தது. 2009இல் நெறிமுறையும் முடிந்தது. அதன் பிறகுதான் இங்கேயே வெளுத்த வெள்ளைச் சீனியும், டெமராரா, மஸ்கோவாடோ போன்ற தனிவகைகளும் நம் ஏற்றுமதியின் முதுகெலும்பாயின. இந்தத் தனிவகைகள் நேராக உண்பதற்கென்றே துப்புரவாகச் செய்யப்படுபவை. கப்பல் சரக்கும் இவையும் ஒரே பெயரில் புழங்குவது நம் ஆலைத் தொழிலாளர்களின் வேலைக்கு நியாயம் செய்யாது.

டெமராராவின் படிகம் பெரிது, நொறுநொறுப்பானது, பாகுப் படலம் மெல்லியது. காப்பிக்கும், கேக்கின் மேல் தூவவும் ஏற்றது. மஸ்கோவாடோவின் படிகம் நுண்ணியது, படலம் தடிப்பு, ஈரம் அதிகம். விரலிடையே தேய்த்தால் பிசுக்கென்று ஒட்டும். காற்றுப்பட விட்டால் ஈரம் போய், படலம் இறுகி, படிகங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கல்லாகிவிடும். கெட்டுப்போனதென்று எறிய வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு துண்டு ரொட்டியோடு இரவு மூடிவைத்தால் ஈரத்தை வாங்கி இளகிவிடும்.

சாயமேற்றியது வேறு. வெளுத்த சீனியில் கழிவுப்பாகையோ கேரமலையோ திரும்பப் பூசியது. ‘தண்ணீரில் போடுங்கள், நிறம் பிரிந்தால் போலி’ என்ற வீட்டுச் சோதனை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதை நம்பாதீர்கள். உண்மையான மஸ்கோவாடோவிலும் நிறத்தின் பெரும்பகுதி படிகத்துக்கு வெளியே உள்ள படலத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அதுவும் பிரியும். பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள். ‘கரும்புச் சீனி’ என்று ஒற்றை வரியாக இருந்தால் சரி. சீனி, கழிவுப்பாகு என்று இரண்டாகவோ, ஈ150 என்ற நிறமி எண்ணோடோ இருந்தால் அது பூசியது. விஷம் அல்ல, ஆனால் அதற்கு மஸ்கோவாடோ விலை கொடுக்க வேண்டியதில்லை.

வெல்லத்தில்தான் சுற்றுவதே கிடையாது. திறந்த கொப்பரையில் அழுக்கு நுரையை வழித்தெடுத்து, பாகு 118 டிகிரியை ஒட்டி வந்ததும் அச்சில் ஊற்றுவார்கள். கழிவுப்பாகு முழுவதும் உள்ளேயே இருக்கும். 2012 முதல் உலகச் சுங்க வகைப்பாட்டிலும் இதற்குத் தனித் துணைத்தலைப்பு உண்டு: சென்ட்ரிஃபியூஜில் சுற்றாதது, துருவமானியில் 69க்குக் குறையாமல் 93க்குள் நிற்பது. சுங்கமே பிரித்துப் பார்க்கும்போது சமையல் குறிப்பு ஏன் பிரிக்கக்கூடாது? வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைத் தவிர்க்கவும். ஹைட்ரோஸ் எனும் வெளுக்கும் ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம். அது நாள்பட மீண்டும் கறுக்கும்.

தைப்பொங்கலுக்கு 200 கிராம் அரிசி, 50 கிராம் பாசிப்பருப்பு என்றால் வெல்லம் 300 கிராம். மண்ணும் நாரும் இருக்கும், ஆகவே 100 மில்லி நீரில் கரைத்து வடிகட்டியே ஆக வேண்டும். வெல்லம் கிடைக்காவிட்டால் கரும் மஸ்கோவாடோ 275 கிராம் போதும், வடிகட்ட வேண்டாம். எதுவானாலும் அரிசி விரலால் நசுக்கினால் குழையும் பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும். சீனி தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால், முன்கூட்டிச் சேர்த்த அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்கரிசியாகவே நிற்கும். பால் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்து, பாகு ஆறிய பின் கலக்கவும். வெல்லத்தின் புளிப்பும் உப்புகளும் கொதிக்கும் பாலைத் திரித்துவிடும். பழைய வெல்லத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். குலாப் ஜாமூன் பாகுக்கு வெள்ளைச் சீனியே நல்லது. பழுப்புச் சீனியில் பாகு தெளியாது, எளிதில் அடிப்பிடிக்கும்.

உடல்நலப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நீரிழிவு இவ்வளவு பரவியுள்ள தீவில் ‘ரா சுகர் பாதுகாப்பானது’ என்ற தொனி வரவே கூடாது. மஸ்கோவாடோவில் 100க்கு ஏறக்குறைய 95 பங்கு சர்க்கரைதான். 5 கிராம் தேக்கரண்டியில் மிஞ்சுவது கால் கிராம், அதிலும் ஒரு பகுதி ஈரம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் சேர்த்த சர்க்கரையை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், அதாவது நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குள், வைக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் வெல்லத்துக்கோ பழுப்புச் சீனிக்கோ விலக்கு இல்லை.

இனி வரும் குறிப்புகளில் வெல்லம், டெமராரா, மஸ்கோவாடோ, வெள்ளைச் சீனி என்று பெயரிட்டு, கப் கணக்கை விட்டுக் கிராமில் அச்சிடுங்கள். ஒரு கப் மஸ்கோவாடோவை அழுத்தி நிரப்புகிறவருக்கும் தளர்வாக அள்ளுகிறவருக்கும் கிடைக்கும் எடை வேறு வேறு.

இப்படிக்கு,
வாசகர்,
ஃபிளாக் மாவட்டம், மொரிசியஸ்