பூட்டிக் கெடக்குற செட்டிநாட்டுப் பெரிய வீட்டுப் பங்காளிகளுக்கு, காரைக்குடி பேட்டரிக்காரன் எழுதுறது

அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் காரைக்குடில இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் பாக்குறவன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைன்னு சுத்துப்பட்டுல உங்க வீட்டுக் கதவைத் தொறக்குற அன்னைக்கு மொதல்ல உள்ள நொழையிற நாலு பேர்ல நானும் ஒருத்தன். ஒட்டடை அடிக்க வந்தவங்க வேலைய முடிக்கிறதுக்குள்ளயே எனக்கு போன் வந்துரும், "தம்பி இன்வெர்ட்டர் கூவிக்கிட்டே இருக்கு, செத்த வந்து பாருங்க"ன்னு. மெட்ராஸ், சிங்கப்பூர், கோலாலம்பூர்னு இருக்கவங்க எல்லாரும் ஒண்ணா கூடுற நாள்ல நான் வளவுல, அதான் நடு முத்தத்துல, நின்னு இதைப் பேசுனா கேக்க யாருக்கும் நேரம் இருக்காது, சமையல்காரர் ஒரு பக்கம் பந்தல்காரர் ஒரு பக்கம்னு இருப்பாங்க, அதனாலதான் இப்படி எழுதுறேன்.

போன சிவராத்திரிக்கு ஒரு வீட்டுக்குப் போனேன், ஊர் பேரு வேணாம். பட்டாலைங்கிற கூடத்து மூலைல மரப்பலகை மேல நாலு பெரிய ட்யூபுலர் பேட்டரி, அஞ்சு கேவிஏ இன்வெர்ட்டர். மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா தண்ணியே இல்ல, ப்ளேட்டு தலை வெளிய தெரியுது, அது மேல சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. ஆசிட்டோட அடர்த்தி பாக்குற ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சுனா காத்துதான் வருது. ரெண்டு கேன் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ராத்திரி பூரா சார்ஜ் போட்டு காலைல பாத்தேன், 1.240 காட்ட வேண்டிய செல்லு 1.100 தாண்டல. ஆச்சி பக்கத்துலயே நிக்கிறாங்க, கைல வாரன்ட்டி கார்டு, "ரெண்டு வருசம்கூட ஆகலையே தம்பி"ன்னு கேக்குறாங்க. வெளியூர் கடைக்காரர் ஒருத்தர் வீட்டோட சைஸைப் பாத்து குடுத்துட்டுப் போனது, வருசத்துல எத்தனை நாள் ஆள் இருப்பாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. தண்ணி ஊத்தாம விட்டதுக்கு வாரன்ட்டி கெடையாதுன்னு போன்லயே சொல்லிட்டாரு. அந்த ஆச்சி முகம் வாடுனது இன்னும் என் கண்ணுலயே நிக்கிது.

இது அவங்க தப்பு இல்ல. ஈய ஆசிட் பேட்டரியோட குணமே அப்படி. இன்வெர்ட்டரை ஆன்ல விட்டுட்டுப் போனா சார்ஜ் சின்னதா ஏறிக்கிட்டே இருக்கும், தண்ணி கேஸா பிரிஞ்சு போயிரும், எட்டு மாசத்துல செல்லு காஞ்சிரும். சரி ஆஃப் பண்ணிட்டுப் போவோம்னா சும்மா இருந்தாலும் மாசாமாசம் தானா கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், நம்ம ஊரு வெயிலுக்கு இன்னும் சீக்கிரம் எறங்கும், எறங்கிக் கெடந்தா ப்ளேட்டு மேல சல்பேட்டு கல்லு மாதிரி இறுகிரும், அப்பறம் என்ன சார்ஜ் போட்டாலும் ஏறாது. ஆக ஆன் பண்ணி வச்சாலும் சாவு, ஆஃப் பண்ணி வச்சாலும் சாவு. தெனமும் ஆள் பொழங்குற வீட்டுக்கு செஞ்ச சாமான் அது.

இப்ப கணக்கு பாருங்க. வட்டிக் கணக்குல உங்க ஐயாமாருக்கு சொல்லிக் குடுக்க ஒலகத்துல ஆள் கெடையாது, 1937-ல ஒரே நாள்ல காரைக்குடி, சென்னை, ரங்கூன்னு மூணு எடத்துல ஐஓபி பேங்கைத் தொறந்த வம்சம், அதனால கணக்காவே சொல்றேன். அந்த வீட்டுல நாலு பேட்டரி மட்டும் அறுபதாயிரம் ரூவா. ரெண்டு வருசத்துல வீடு தொறந்திருந்தது மொத்தமே இருபது நாள். கரண்ட் போன நேரத்துல நாளைக்கு ஒன்றரை யூனிட் ஓடுச்சுன்னு தாராளமாவே வச்சுக்குவோம், மொத்தம் முப்பது யூனிட். அறுபதாயிரத்தை முப்பதால வகுத்தா ஒரு யூனிட் ரெண்டாயிரம் ரூவா! இன்வெர்ட்டர் வெல, வட்டி எதையும் நான் சேக்கல. விசேசத்துக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தா இதை விட கம்மியாத்தான் ஆகியிருக்கும். பேட்டரி வித்தாத்தான் எனக்கு சோறு, இருந்தாலும் சொல்றேன், வருசத்துல பத்து நாள் தொறக்குற வீட்டுக்கு இதை வாங்காதீங்க.

சரி அந்த வீடு ஏன் அஞ்சு கேவிஏன்னு இம்புட்டு பெரிய இன்வெர்ட்டரைக் கேக்குதுன்னு பாத்தா அங்கதான் எனக்கு மனசு ரொம்ப வலிக்கிது. இப்ப புதுப்பிக்கிறோம்னு சொல்லி வளவுக்கு மேல பாலிகார்பனேட் சீட்டு போட்டு மூடிர்றாங்க, மழை சாரல் அடிக்கும், குருவி வரும், தூசி வரும்னு சொல்லி. அந்த தெறந்த எடம்தான் அண்ணே வீட்டோட மூச்சு. வெயில்ல சூடாகுற காத்து மேல போயிரும், அந்த எடத்துக்கு முகப்புலேருந்தும் பின்கட்டுலேருந்தும் காத்து உள்ள வரும், வாசல் மேல வாசலா ஒரே நேர்கோட்டுல வச்சது அழகுக்கு மட்டும் இல்ல. கனமான செவரு பகல் சூட்டை உள்ள விடாம புடிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி வெளிய விடும். சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு ரோட்டுலேருந்து உள்ள வந்து அந்தத் தரைல செருப்பில்லாம கால் வச்சுப் பாருங்க, கணுக்கால் வரைக்கும் குளிர்ச்சி ஏறும், ஒரு பைசா கரண்ட் கெடையாது. அதுக்கு மேல சீட்டைப் போட்டீங்கன்னா வெயிலு உள்ள வந்துரும், சூடு வெளிய போகாது, சாயங்காலத்துக்குள்ள வளவு அடுப்பாங்கரை மாதிரி ஆயிரும், அப்பறம் தாங்க முடியலன்னு ரூமுக்கு ரூம் ஏசி, பதினாலு அடி ஒசர ரூமுக்கு ஒன்றரை டன் பத்தலன்னு ரெண்டு டன். ஏசி போட்டா லோடு ஏறுது, அதுக்கு பெரிய இன்வெர்ட்டர், பெரிய பேட்டரி, அதுக்கு நானு. நம்மளே உண்டாக்குன சூட்டைத் தள்ளத்தான் இம்புட்டு செலவும்.

கரண்ட் பில்லும் அப்படித்தான். ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் எல்லாருக்கும் இலவசம், பூட்டுன வீட்டுக்கு அதுவே மிச்சம். ஆனா 500 யூனிட்டைத் தாண்டிட்டா 101-லேருந்து 200 வரைக்கும் இருந்த கம்மி ரேட்டும் போயிரும், பில்லு சட்டுன்னு எகிறும், ரெண்டு மூணு ஏசி வச்சு ஒரு கல்யாணம் நடத்துனா தாண்டிரும்.

மொதல்ல லோடைக் கொறைங்க, கரண்டை அப்பறம் வாங்குங்க, நான் சொல்ல வந்ததே இதுதான். பழைய ஃபேனு ஒண்ணு எழுபத்தஞ்சு வாட்டு இழுக்கும், இப்ப வர்ற பிஎல்டிசிங்கிற கரண்ட் மிச்சப்படுத்துற ஃபேனு முப்பது வாட்டு. பத்து ஃபேனுக்கு 750 எங்க 300 எங்க. நீளமான ராடு போட்டு ஆள் ஒசரத்துக்கு கொஞ்சம் மேல எறக்கி மாட்டுங்க, விட்டத்தோட ஒட்டி மாட்டுனா பதினாலு அடிக்கு மேல நின்னு யாருக்கு வீசும். சீட்டைக் கழட்டிட்டு குருவிக்கு வலை கட்டுங்க, மழை சாரலுக்கு மூங்கி தட்டி போதும், வேணுங்கிறப்ப எறக்கிக்கலாம். பெரியவங்களுக்கு முடியலன்னா ஒரே ஒரு சின்ன ரூமுக்கு ஏசி போடுங்க, அதை நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், வயசானவங்க ஒடம்பு வேற.

சோலார் பத்தி நெறைய பேர் கேக்குறீங்க. 2024-ல வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்துல மொத ரெண்டு கிலோவாட்டுக்கு தலா முப்பதாயிரம், மூணாவதுக்கு பதினெட்டாயிரம், ஆக 78,000 ரூவா மானியம், நல்ல திட்டம்தான். மூணு கிலோவாட்டு போட்டா நம்ம வெயிலுக்கு வருசத்துக்கு நாலாயிரம் யூனிட் கிட்ட வரும். ஆனா எந்த வீட்டுல போடுறீங்கங்கிறதுதான் கேள்வி. நூறு யூனிட்டுக்குள்ளயே முடிஞ்சு போற பூட்டுன வீட்டுல போட்டா அம்புட்டும் ஈபி லைனுக்குத்தான் போகும், உங்களுக்கு பெருசா ஒண்ணும் திரும்பாது, நீங்க வருசம் பூரா குடியிருக்க மெட்ராஸ் வீட்டு மாடில போட்டா அதே பேனலு அங்க தெனமும் பில்லைக் கழிக்கும். இங்க லாட்ஜ் மாதிரி நடத்துறவங்க, அப்பா அம்மா இங்கயே இருக்கவங்க போடுங்க, தாராளமா போடுங்க. ஆனா தயவு செஞ்சு நாட்டு ஓட்டு மேல ஏறி கம்பி நடாதீங்க, ஒரு ஓடு ஒடைஞ்சா அடுத்த மழைக்கு தேக்கு உத்தரம் நனையும், நனைஞ்ச எடத்துக்கு கரையான் வரும். பின்கட்டுல சமதளமா இருக்க மாடி, இல்ல தோட்டத்துல ஸ்டாண்டு அடிச்சு வைங்க, கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி போதும். அடில காத்து போற மாதிரி இடைவெளி வேணும், பேனலு சூடானா உற்பத்தி கொறையும், வெயில் ஏற ஏற கரண்ட் கூடும்னு நெனைக்கிறது தப்பு, அதுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல.

இன்னொண்ணு, சோலார் போட்டுட்டா கரண்ட் போனாலும் வீட்டுல லைட்டு எரியும்னு நம்பி பேட்டரியைத் தூக்கிப் போட்டவங்களைப் பாத்துருக்கேன். லைனோட சேத்து போடுற சாதா சோலாரு, லைன்ல கரண்ட் போன அடுத்த நொடி தானா நின்னுரும். கம்பத்துல ஏறி வேலை பாக்குற லைன்மேனுக்கு உங்க வீட்டு கரண்ட் ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க, அது ரொம்ப சரி. விக்கிறவங்க இதைச் சொல்றதில்ல, அதான் நான் சொல்றேன்.

பேட்டரி இருந்தே ஆகணும்னா பூட்டுற வீட்டுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்க, சின்னதா. வெல கூடதான், ஆனா தண்ணி கேக்காது, பாதி சார்ஜ்ல மெயினைத் துண்டிச்சு வச்சுட்டுப் போனா மாசக்கணக்குல அப்படியே கெடக்கும், எறங்குறது ரொம்ப கம்மி. இதை எழுதுறப்ப எனக்கு ஒரு பெருமையும் இருக்கு, பேட்டரி ஆராய்ச்சிக்கு இந்த நாட்டுக்கே பேர் போன எடம் நம்ம காரைக்குடில இருக்கு. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூவாயும் குடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல ராதாகிருஷ்ணன் தொறந்து வச்ச செக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அந்தக் காலத்து 15 லட்சம்! லித்தியம் பேட்டரிக்கு ஒரு முனைல வேணுங்கிற கிராபைட்டு நம்ம சிவகங்கை மண்ணுக்குள்ளயே இருக்கு, தமிழ்நாடு அரசாங்கத்தோட கனிமக் கம்பெனி டாமின் தோண்டிக்கிட்டு இருக்கு. படிச்ச உங்க புள்ளைங்க, கையில மொதல் வச்சிருக்க நீங்க, இதுல ஏதாவது இங்க தொழில் ஆரம்பிச்சா என் மகன் மாதிரி டிப்ளமா முடிச்சவன் திருப்பூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏற வேண்டியது இல்லன்னு எனக்கு ஒரு ஆசை, சொல்லிட்டேன்.

தரையைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஆத்தங்குடி கல்லைப் பேத்துட்டு பளபளன்னு வெளி மாநிலத்து டைல்ஸ் போடுறாங்க. அது ஆயிரம் டிகிரிக்கு மேல சூளைல வெந்து லாரில வர்றது, நம்ம ஆத்தங்குடி கல்லு கண்ணாடி மேல கலர் ஊத்தி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணில ஊற வச்சு எடுக்குறது, சூளையே கெடையாது. சிமெண்டும் சூளைல வந்ததுதானேன்னு கேட்டா ஆமா, அதுக்கு மேல ஒரு விறகு வேணாம்ங்கிறேன். செவத்துல சுண்ணாம்பு பூச்சு உதிர்ந்த எடத்துல சிமெண்டை அப்பாதீங்க, ஈரம் வெளிய வர வழி இல்லாம உப்பு பூத்து பக்கத்துல இருக்க நல்ல பூச்சையும் சேத்து தள்ளிரும். மழைத்தண்ணிய நான் விரிவா சொல்ல வேணாம், பத்தாயிரம் சதுர அடி கூரைல அஞ்சு சென்டிமீட்டர் மழை பேஞ்சா 46,000 லிட்டர், அதை வளவுக் கொழாய் வழியா அண்டாவுக்கும் ஊரணிக்கும் விட்ட வீடு உங்களோடது, 2003-ல அரசாங்கம் கட்டாயம்னு சொல்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி. அந்தக் கொழாய் அடைச்சுக் கெடக்கு, குத்தி விட்டா போதும், அம்புட்டு தண்ணிய போர்ல இழுக்க மோட்டார் எவ்வளவு நேரம் ஓடணும்னு யோசிங்க.

ஒரு வீட்டுக்கு நாப்பது பங்காளி, நாப்பது பேரும் சரின்னு சொன்னாத்தான் ஒரு ஓடு மாத்த முடியும்னு எனக்குத் தெரியும். ஒருத்தர் ஏசிங்கிறாரு, ஒருத்தர் வித்துருவோம்ங்கிறாரு, ஒருத்தர் போனே எடுக்கிறதில்ல, கடைசில தூணைக் கழட்டி மரக்கடைக்கு ஏத்திர்றாங்க, லாரில அந்த பர்மா தேக்கு போறதை நான் ரோட்டோரமா வண்டிய நிறுத்திப் பாத்துக்கிட்டு நின்னுருக்கேன். அடுத்த தடவ முன்னோருக்குப் படையல் போடுற படைப்புக்குக் கூடுறப்ப சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் இதைப் பேசுங்க, எந்த ரூம்ல எத்தனை ஃபேனு, மோட்டார் என்ன ஹெச்பி, வருசத்துல எத்தனை நாள் ஆள் இருப்பாங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க. எழுதி வச்சுட்டு ஒரு போன் போடுங்க, நான் வந்து லோடு பாத்து என்ன வேணும் என்ன வேணாம்னு சொல்லித் தர்றேன், அதுக்கு காசு வேணாம். அந்த ஆச்சி வீட்டு நாலு பேட்டரியும் இன்னும் பலகை மேலதான் இருக்கு, பழசு எடுக்குறவன்கிட்ட நல்ல வெல பேசி வச்சிருக்கேன், ஆச்சி ஊருக்கு வந்தா பணத்தை வாங்கிக் குடுத்துருவேன்.

இப்படிக்கு,
உங்க வீட்டுப் பேட்டரிக்காரன், காரைக்குடி