மேடையில் இருபது நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில் சூதாட்ட விடுதி தீப்பிடித்ததையும், ஏரிமேல் படர்ந்த அந்தப் புகையிலிருந்து 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாடல் பிறந்ததையும் கட்டுரையாளர் சுவையாகவே சொல்லியிருக்கிறார். ராக் கேட்கிறவர்களுக்கு அது மனப்பாடமான கதை. அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர், அதே குழுவின் ஜப்பான் கச்சேரிகளில் பதிவான 'மேட் இன் ஜப்பான்' இசைத்தட்டை "ஸ்டுடியோ பாடல்களின் மேடை வடிவம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

'ஸ்பேஸ் ட்ரக்கின்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவில் அது நாலரை நிமிடம். ஜப்பான் மேடையில் ஏறக்குறைய இருபது. பாட்டு முடிந்த பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை கிடார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக வாசித்தவர். அதனால் அது தேவாலய வாத்தியம் போலவா ஒலிக்கிறது, உறுமுகிறது! 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பாடலில் ரிச்சி பிளாக்மோர் கிடாரில் ஒரு துணுக்கு வாசிக்க, இயன் கில்லன் அதைத் தொண்டையில் திருப்பிச் சொல்கிறார். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் போட்டி புதிதல்ல. ஆனால் ஸ்டுடியோ தட்டில் இதைத் தேடினால் கிடைக்காது.

இத்தனைக்கும் குழுவுக்கு இந்தப் பதிவில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. ஜப்பானில் மட்டும் விற்பதற்காக அங்கிருந்தவர்கள் கேட்டார்கள், சரி என்றார்கள். 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா, 17 டோக்கியோ புடோகான் அரங்கம். ஒலிப்பதிவு மார்ட்டின் பர்ச். பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒட்டுப்போடும் வேலை எதுவும் செய்யவில்லை.

சொந்தக் கதை ஒன்று. எண்பதுகளில் எங்கள் ஊர் ரெக்கார்டிங் கடையில் இதை 60 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கினேன். தட்டோ 76 நிமிடம்! 'த மியூல்' பாடலில் இயன் பெய்ஸின் ட்ரம்ஸ் தனி சூடுபிடிக்கும் இடத்தில் டக்கென்று முதல் பக்கம் முடிந்துவிடும். 'ஸ்பேஸ் ட்ரக்கின்' பாதியோடு சரி. கடைக்காரரைக் கேட்டால், "பாட்டு முடிஞ்சிருச்சே சார், அப்புறம் சும்மா வாசிக்கிறாங்க" என்றார். உங்கள் கட்டுரையாளரின் அந்த ஒரு வரியைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. மன்னிக்கவும்.

மீதியைக் கேட்க குறுந்தகடு வரும்வரை காத்திருந்தேன். 1993இல் அந்த மூன்று இரவுகளின் பதிவும் ஏறக்குறைய முழுதாக மூன்று குறுந்தகடுகளில் வந்தது. ஒரே பாட்டை மூன்று நாளும் அடுத்தடுத்துக் கேட்டால் பிளாக்மோர் ஒருநாள் வாசித்ததை மறுநாள் வாசிக்கவில்லை என்பது புரியும். பழைய தட்டிலுள்ள ஏழு பாடல்களில் நான்கு இரண்டாம் இரவினுடையவை. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' மட்டும் முதல் இரவு. 'த மியூல்', 'லேஸி' இரண்டும் டோக்கியோ.

இன்னொரு சின்னத் திருத்தம். கட்டுரையோடு வந்த தட்டின் அட்டைப்படத்துக்குக் கீழே "ஜப்பான் மேடையில்" என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்தப் படம் லண்டன் ரெயின்போ அரங்கில் எடுத்தது. பெயரைப் பார்த்து எல்லோரும் ஏமாறுகிற இடம்தான் அது, நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குழுவின் அந்த ஐவரும் பிரிவதற்கு முன் கடைசியாக வாசித்ததும் ஒசாகாவில்தான், 1973 ஜூன் 29 அன்று. 1984இல் மறுபடி சேர்ந்தார்கள் என்பது வேறு. 1972 ஆகஸ்ட் பதிவுக்கும் அந்தக் கடைசிக் கச்சேரிக்கும் இடைப்பட்ட பத்து மாதங்களில் என்ன நடந்தது என்று கட்டுரையாளர் எழுதினால், முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

இப்படிக்கு,
பழைய கேசட்டை இன்னும் வைத்திருக்கும் வாசகர்,
திருச்சி