சிகிச்சை முடிந்த பிறகும் கொடுங்கள்: கடலோரப் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

கீழக்கரை, தொண்டி, மண்டபம், பாம்பன் பகுதிகளிலிருந்து வெளிநாடு சென்று, ஊர்ப் பிள்ளைகளின் மருத்துவத்துக்குப் பணம் அனுப்பிவரும் அன்பர்களுக்கும், அதை நிர்வகிக்கும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தங்கச்சிமடம் பக்கத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறவியிலேயே இதயக் குறைபாடுள்ள ஒரு மாணவன், பத்து எட்டு ஓடியதும் உதடு நீலம் பாரித்துக் குந்தி உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்களின் உதவியால் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய அவன், அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் கபடி ஆடியதையும் பார்த்தேன். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

முன்பு பணமில்லாமல் நின்றுபோன பெரிய சிகிச்சைகள் பலவற்றுக்கு இன்று அரசின் வழி இருக்கிறது. 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2022-இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் காப்பீட்டு அட்டையைக் காட்டிப் பேருந்தில் ஏற முடியாது. சிறப்பு மருத்துவர்கள் செய்யும் சிகிச்சை என்றால் இன்னமும் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இராமேசுவரத்திலிருந்து அது ஏறத்தாழ 170 கிலோமீட்டர். உடன் போகும் தாயின் அன்றைய கூலி போய்விடும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் விசைப்படகில் போகும் தகப்பனுக்கும் கடல் தொழில் இல்லை.

என் தெருவில் ஒரு பெண் பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிடுக்கில் பாசி பறிப்பது அவர் தொழில். அவருடைய குழந்தை இரு பாதங்களும் உட்புறம் திரும்பியபடி பிறந்தது. வளைபாதத்துக்குப் பெரிய அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை; வாரம் ஒருமுறை பாதத்தைச் சற்றுத் திருப்பி மாவுக்கட்டு போட்டு, ஐந்தாறு வாரங்களில் நேராக்கிவிடுகிறார்கள். அவர் கைக்குழந்தையுடன் விடியுமுன் பேருந்தேறி, மதுரையில் கட்டு மாற்றிக்கொண்டு இரவில் திரும்புவார். நான்காம் வாரமும் ஐந்தாம் வாரமும் பேருந்துக்குப் பணம் புரளவில்லை. ஒருநாள் மாலை அந்தக் கட்டு தளர்ந்து, குழந்தையின் குதிகாலில் பாதி கழன்று தொங்கியதை நான் கண்டேன். நேராகிக்கொண்டிருந்த பாதம் மறுபடி உள்ளே வளைந்திருந்தது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மருத்துவமனை அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதான பிள்ளைகளின் நிலையும் இதுதான். அவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் தொடர வேண்டும். மலிவான ஊசிதான், அது விட்டுப்போய்க் காய்ச்சல் திரும்பினால் வால்வு மேலும் கெடும். செயற்கை வால்வு பொருத்தியிருந்தால், இரத்தம் உறையாமலிருக்க நாள்தோறும் மாத்திரையும், அளவு சரிதானா என்று அறிய அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் வேண்டும். லட்ச ரூபாய்க்கு நிதி திரட்டுகிற நாம், இந்தச் சில நூறு ரூபாயைக் குடும்பத்தின் தலையிலேயே விட்டுவிடுகிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. காப்பீட்டில் கிடைக்கும் சிகிச்சைக்கு உங்கள் பணத்தைச் செலவிட வேண்டாம். அதற்கான வருமானச் சான்றும் அட்டையும் வாங்கித் தர ஓர் ஆளை அமர்த்துங்கள். ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டால், மருத்துவர் போதும் என்று சொல்லும் நாள்வரை பயணத்துக்கும் தங்குவதற்கும் தாயின் கூலிக்கும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள். ரசீது கொண்டுவந்தால் பிறகு தருகிறோம் என்பது கையில் பணமுள்ளவர்களுக்கு மட்டுமே பயன்படும். புறப்படும் முந்தைய நாளே கொடுங்கள். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாடே சொல்லும் வள்ளல் வாழ்ந்த கீழக்கரைக்காரர்களுக்கு, ஒருநாளோடு முடியாத கொடை எது என்று நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்கிறேன். ஓர் அமைப்பின் விழாவில், தையல் தழும்பு தெரியும்படி சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி என் மாணவி ஒருத்தியை மேடையில் நிறுத்தினார்கள். அதன்பின் பத்து நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. பிள்ளையின் முகத்தையும் பெயரையும் தயவுசெய்து விளம்பரமாக்காதீர்கள். கணக்கைக் காட்டுங்கள், அது போதும்.

பாசி எடுக்கும் பெண்ணின் குழந்தைக்கு இப்போது பாதங்கள் நேராகிவிட்டன. கம்பியால் இணைத்த காலணிகளை நான்கு வயதுவரை இரவில் அணிந்திருக்க வேண்டும். கால் வளர்ந்து, இருப்பது இறுக்கமாகிவிட்டது. அடுத்த அளவு இந்த மாதத்துக்குள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தங்கச்சிமடம்